கையில் நடுங்கும் குறி: வேட்டைக் கைத்துப்பாக்கிக்குக் கண்ணாடி வந்த வரலாறு

விலை மலிந்த பொருள் என்பது வேறு. கொடுத்த விலைக்கு ஈடாக உழைக்கும் பொருள் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் குடும்பங்கள் பட்டறிவால் அறிந்திருக்கின்றன. இருட்டோடு பால் வெட்டப் போகிறவர் தலைவிளக்கு வாங்கும்போது, கடையில் எது அதிகப் பளபளப்பாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மழையில் நனைந்தால் அணையுமா, நெற்றியில் நிலையாக நிற்குமா, வெட்டும் இடத்தில் வெளிச்சம் விழுமா என்றுதான் பார்க்கிறார். இதே கேள்விகளை அமெரிக்க நாட்டு வேட்டைக்காரர்கள் வேறொரு பொருளைப் பற்றிக் கேட்கக் கற்றுக்கொண்ட வரலாற்றை இன்று காண்போம். அந்தப் பொருள், கைத்துப்பாக்கியின் மேல் பொருத்தும் சிறு தொலைநோக்கி. ஆங்கிலத்தில் அதை ‘ஸ்கோப்’ என்பர். நாம் குறிக்கண்ணாடி என்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம். அமெரிக்காவிலோ பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அங்கும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே இது வாங்கச் சொல்லும் பேச்சன்று. அறிந்துகொள்ளச் சொல்லும் பேச்சு.

குறிக்கண்ணாடியின் கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை; வானத்தைப் பார்த்தவர்களிடம் தொடங்குகிறது. 1608இல் ஹாலந்து நாட்டில் மூக்குக்கண்ணாடி செய்து விற்ற ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர் தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டே இத்தாலியில் கலிலியோ தாமாக ஒன்றைச் செய்து வானத்தை நோக்கினார். கலிலியோவின் கருவியில் கண்ணருகே இருந்தது குழிவில்லை. 1611இல் கெப்ளர் என்ற அறிஞர், அவ்விடத்தில் குவிவில்லையை வைக்கலாம் என்று விளக்கினார். அப்படி வைத்தால் தூரத்துப் பொருளின் பிம்பம் குழாயின் உள்ளேயே ஓரிடத்தில் விழும். தலைகீழாகத்தான் விழும், ஆயினும் அதனால் ஒரு பெரும் பயன் விளைந்தது.

ஏறத்தாழ 1640இல் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர் இத்தகைய தொலைநோக்கி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். அதனுள் ஒரு சிலந்தி நூல் இழைத்துவிட்டது. பிம்பம் விழும் இடத்திலேயே அந்த நூல் அமைந்ததால், தூரத்துப் பொருளும் நூலும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தன. குறிபார்க்கும் குறுக்கிழை இவ்வாறு பிறந்தது. காஸ்காயின் 1644இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் மாண்டார். அவர் கண்ட வழியோ நிலைத்தது. நிலம் அளப்பவர் கருவியிலும், பின்னர் துப்பாக்கிக் கண்ணாடியிலும் குறுக்கிழை இடம் பெற்றது. பல காலம் அதற்குச் சிலந்தி நூலையே பயன்படுத்தினார்கள் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

துப்பாக்கிக்கு வருவோம். 1855 அளவில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் வில்லியம் மால்கம் என்பவர் நீண்ட துப்பாக்கிகளுக்குக் குறிக்கண்ணாடி செய்யத் தொடங்கினார். துப்பாக்கிக் குழல் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு நீளம் கண்ணாடிக் குழாயும் இருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிதவறாத வீரர்கள் சிலர் இத்தகைய கண்ணாடிகளைப் பயன்படுத்தினர். பிறகு ஜெர்மானியர் குட்டையான, தெளிவான கண்ணாடிகளைச் செய்தனர். அவை சிறந்தவை, ஆனால் விலை அதிகம். கூலிக்கு உழைப்பவனுக்கு எட்டாத பொருளாகவே அவை இருந்தன.

இந்த நிலையை மாற்றியவர் பில் வீவர். 1930இல் கென்டக்கி மாநிலத்தின் நியூபோர்ட் நகரில், இளைஞராக இருந்த அவர், முக்கால் அங்குலக் குழாயில் எளிய குறிக்கண்ணாடி ஒன்றைச் செய்து 20 டாலருக்கும் குறைவான விலையில் விற்றார். 1933இல் தொழிலை டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகருக்கு மாற்றினார்.

1930 என்ற ஆண்டை நம் தோட்டத்து மக்கள் மறக்க முடியாது. உலகப் பொருளாதார மந்தம் அமெரிக்காவைத் தாக்கியது. அங்கே மோட்டார் வண்டி விற்பனை விழுந்தது. டயருக்கான ரப்பரின் விலை இங்கே விழுந்தது. மலாயாத் தோட்டங்களில் வேலை இழந்த நம் பாட்டன்மார் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே மந்தம், அங்கே கையில் காசில்லாத மக்களுக்குப் பொருள் செய்ய முனைந்த ஒருவரின் தொழிலுக்குத் தொடக்கமாகவும் அமைந்தது. வீவர் தம் கண்ணாடியில் அலங்காரத்தைக் குறைத்தார். வேலைக்கு வேண்டியதை விட்டுவிடவில்லை. மலிவு என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள் அதுதான்.

அடுத்த தடை நீராவி. குளிரிலிருந்து சூட்டுக்கும், சூட்டிலிருந்து குளிருக்கும் போகும்போது கண்ணாடியின் உட்புறம் பனித்துவிடும். மழைநாளில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது தெரியும். ஓரிகன் மாநிலத்தில் நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த லியூபோல்ட் நிறுவனம், 1940களின் இறுதியில் குழாயில் உள்ள ஈரக்காற்றை நீக்கி, உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி அடைக்கும் முறையைக் கையாண்டது. பின்னாளில் விலை குறைந்த கண்ணாடிகளுக்கும் இம்முறை பரவியது.

இதுவரை சொன்னது தோளில் வைத்துச் சுடும் நீண்ட துப்பாக்கியின் கதை. கைத்துப்பாக்கியின் கதை வேறு. 1935இல் ஸ்மித் அண்டு வெஸன் நிறுவனம் .357 மாக்னம் என்ற வலுவான குண்டுக்கேற்ற சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் இன்னும் வலுவான குண்டு வேண்டுமென்று பல ஆண்டுகள் எழுதி வந்தார். 1955இல் .44 மாக்னம் வந்தது. 1963இல் ரெமிங்டன் எக்ஸ்பி 100 என்ற கைத்துப்பாக்கியும், 1967இல் வாரன் சென்டர் வடிவமைத்த தாம்சன் சென்டர் கன்டென்டரும் வந்தன. கன்டென்டரில் ஒரே ஒரு குண்டுதான் போடலாம். ஆனால் குழலை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். இவ்வாறு கைத்துப்பாக்கி, மான் வேட்டைக்கு ஏற்ற கருவியாக வளர்ந்தது.

ஆற்றல் வளர்ந்த அளவுக்குக் குறி வளரவில்லை. சாதாரணக் கைத்துப்பாக்கியில் பின்னால் ஒரு வெட்டும், முன்னால் ஒரு முனையும் இருக்கும். வெட்டு, முனை, விலங்கு ஆகிய மூன்றையும் கண் ஒரே நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணால் ஒரே நேரத்தில் மூன்று தூரங்களைத் தெளிவாகக் காண முடியாது. நாற்பது வயதைத் தாண்டியவர் செய்தித்தாளைக் கை நீட்டிப் படிப்பதை வீட்டில் பார்க்கிறோம் அல்லவா? அந்த வயதில் துப்பாக்கியின் முனையும் மங்கலாகிவிடும். குறிக்கண்ணாடியிலோ குறுக்கிழையும் விலங்கும் ஒரே தளத்தில் தெரியும். ஆகவே வயதானவர்களுக்கு அது பெரிய துணையாயிற்று.

அப்படியானால் நீண்ட துப்பாக்கியின் கண்ணாடியையே எடுத்து இதில் பொருத்தினால் என்ன? அங்கேதான் சிக்கல். அந்தக் கண்ணாடிக்குக் கண் மூன்று, நான்கு அங்குலத் தூரத்தில் இருக்க வேண்டும். கைத்துப்பாக்கியையோ கை நீட்டிப் பிடிக்கிறோம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓரடி முதல் இரண்டடி வரை இடைவெளி. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் குழாய்க்குள் பெரும்பாலும் இருட்டே தெரியும். படம் தெரியட்டும் என்று முகத்தருகே கொண்டுவந்தாலோ, துப்பாக்கி உதைக்கும்போது குழாயின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

எனவே கை நீளத்துக்கேற்ற தனிக் கண்ணாடி தேவைப்பட்டது. டேவிட் புஷ்னெல் என்ற அமெரிக்கர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் செய்த இருகண் தொலைநோக்கிகளை இறக்குமதி செய்து மலிவாக விற்றவர். அவருடைய நிறுவனம் 1960களில் ‘ஃபான்டம்’ என்ற பெயரில் கைத்துப்பாக்கிக் கண்ணாடியை விற்றது. அதன் உருப்பெருக்கம் 1.3 மடங்கு; மற்றொன்றில் 2.5 மடங்கு. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். இந்தச் சிறு எண்ணில்தான் நம் பாடம் இருக்கிறது.

மாணவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டிக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பிறகு கையை நீட்டிப் பிடித்து அதன் வழியே பாருங்கள். இரண்டாவது முறை மிகச் சிறிய வட்டம்தான் தெரியும். அந்த வட்டமும் கையோடு சேர்ந்து ஆடும். இனி இதில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் விலங்கு மட்டுமா பெரிதாகும்? கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பார்வை வட்டமோ இன்னும் சுருங்கும். விலங்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அது புதருக்குள் போய்விடும். இரண்டு மடங்குக் கண்ணாடியில் 50 கெஜத்தில் நிற்கும் மான் 25 கெஜத்தில் நிற்பது போல் தெரியும். கைத்துப்பாக்கி வேட்டை பெரும்பாலும் 100 கெஜத்துக்குள் நடப்பது. அதற்கு இது போதும்.

வெளிச்சக் கணக்கும் இதையே சொல்கிறது. முன்வில்லையின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் வில்லையும் 2 மடங்கும் என்றால் 10 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் வில்லையும் 8 மடங்கும் என்றால் 4 மில்லிமீட்டர்தான். அந்தி வேளையில் அகன்ற ஒளிவட்டமே கண்ணுக்கு எளிதில் அகப்படும். பெரிய எண் அச்சடித்த விலையுயர்ந்த கண்ணாடி, மாலை மங்கும் நேரத்தில் சிறிய எண் கொண்ட எளிய கண்ணாடிக்குத் தோற்கக்கூடும்.

இவற்றிலிருந்து, கையில் குறைந்த பணமுள்ள வேட்டைக்காரர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது விளங்கும். முதலாவது, அது கைத்துப்பாக்கிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்; கடையிலேயே கை நீட்டிப் பார்த்து, வட்டம் முழுவதும் தெரிகிறதா என்று தேர வேண்டும். இரண்டாவது, உருப்பெருக்கம் மாறாத இரண்டு மடங்குக் கண்ணாடியே போதும். உள்ளே அசையும் உறுப்புகள் குறைவாதலால் விலையும் குறைவு, பழுதும் குறைவு. மூன்றாவது, உட்புறம் பனிக்காதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். நான்காவது, மிச்சப்படுத்திய பணத்தைத் தாங்கியிலும் வளையங்களிலும் செலவிட வேண்டும். .44 மாக்னத்தின் உதை சாதாரணமானதன்று. கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்தால் குறி தவறும். ஆகவேதான் உதை மிகுந்த துப்பாக்கியில் இரண்டு வளையங்களுக்குப் பதில் மூன்று போடுகிறார்கள்.

1975இல் சுவீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் செம்புள்ளிக் குறியை வெளியிட்டது. அதில் உருப்பெருக்கமே இல்லை. விலங்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். கண்ணைச் சற்று அப்படி இப்படி வைத்தாலும் புள்ளி மறையாது. இன்று இவ்வகையில் விலை குறைந்தவை பல வந்துவிட்டன. கைத்துப்பாக்கிக்காரர் பலர் இதனையே விரும்புகின்றனர். உருப்பெருக்கம் சிறிதும் இல்லாத கருவி இத்தனை பேருக்குப் பயன்படுவது, நாம் சொன்னதற்கு நல்ல சான்று.

நேயர்களே, இதில் பணத்தைவிடப் பெரிய பொருள் ஒன்று அடங்கியிருக்கிறது. கைத்துப்பாக்கியின் குண்டு, நீண்ட துப்பாக்கியின் குண்டைவிடப் பெரும்பாலும் வலுக்குறைந்தது. சரியான இடத்தில் பட்டால் விலங்கு உடனே விழும். ஓரிரு அங்குலம் தவறினால் காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் வேதனைப்பட்டுச் சாகும். கண்ணாடி நன்றாகப் பார்க்க உதவும். கையை உறுதியாக்காது, குண்டின் வலுவைக் கூட்டாது. நல்ல கண்ணாடி உண்மையில் வேட்டைக்காரருக்கு இரண்டு விடைகளைக் காட்டுகிறது. ‘சுடலாம்’ என்பது ஒன்று. ‘தூரம் அதிகம், கை ஆடுகிறது, விட்டுவிடு’ என்பது மற்றொன்று. இரண்டாவது விடையையும் மதிப்பவரே நல்ல வேட்டைக்காரர் என்று பெயர் எடுக்கிறார்.

சிலந்தி இழைத்த ஒரு நூலில் தொடங்கி, மந்த காலத்து எளிய பட்டறையில் வளர்ந்த இக்கருவியின் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: பொருளை வாங்குமுன், அதன் மேல் எழுதியுள்ள எண்ணைப் பார்க்காமல், அது செய்ய வேண்டிய வேலையைப் பார்க்க வேண்டும். தையல் இயந்திரமானாலும், சைக்கிளானாலும், பிள்ளைகளுக்கு வாங்கும் மூக்குக்கண்ணாடியானாலும் இது பொருந்தும். வேலைக்கு வேண்டியதைக் குறைக்காமல் விலையைக் குறைப்பதே சிக்கனம்.