விலக்கப்பட்ட நிலவறை: ஒரு யூத நாடகத்தின் வரலாறு

ஒரு சமூகத்தின் விலக்குகளை ஆராயும்பொழுது, விலக்கப்பட்ட பொருளோடு, அது எம்மொழியில், எவர் முன்னிலையில் விலக்கப்பட்டது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். போலந்தில் பிறந்த ஷோலெம் ஆஷ் 1906இல் யிட்டிஷ் மொழியில் எழுதிய ‘பழிவாங்கும் கடவுள்’ இதற்குத் தக்க சான்றாகும்.

நாடகத் தலைவன் நிலவறையில் விபசார விடுதி நடத்துகின்றான். மேல்மாடியில் அவன் குடும்பம் வாழ்கின்றது. மகளின் தூய்மையைக் காக்க, அத்தொழிற் பணத்தைக் கொண்டே தோராச் சுருளொன்றைப் பெறுகின்றான். மகளோ விடுதிப் பெண்ணொருத்தியைக் காதலிக்கின்றாள். புனிதமும் பெண்ணுடலும் ஒரே பணத்தால் அளக்கப்படுவதை ஆஷ் காட்டினார்.

நியூயோர்க்கில் இந்நாடகம் முதலில் யிட்டிஷ் மொழியில் நடிக்கப்பட்டபோது கண்டனம் எழுந்தது, வழக்கு எழவில்லை. 1923இல் ஆங்கிலத்தில் பிராட்வேயை அடைந்ததும், பெண்களின் காதற்காட்சி வெட்டப்பட்டிருந்தும், தயாரிப்பாளரும் நடிகரும் ஆபாசக் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். முறையிட்டவருள் முக்கியமானவர் ஜோசப் சில்வர்மன் என்னும் யூத மதகுரு. 1925இல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

யூத மத்தியதர வர்க்கத்தினரின் அச்சம் ஆதாரமற்றதன்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் குடிவரவுக்கு வரம்பிட்டது. 1924இல் அது மேலும் இறுகியது. பெண் வாணிகத்தை யூதர்மேற் சுமத்திய இனவெறிப் பிரசாரமும் நிலவியது. ஆயினும் அவ்வர்க்கம் நாடிய கண்ணியத்தின் விலையை, மேடையினின்றும் அகற்றப்பட்ட நிலவறைப் பெண்களே செலுத்தினர். ஒடுக்கப்படும் இனமொன்று ஒற்றுமையின் பெயரால் மௌனத்தைக் கோரும்பொழுது, அம்மௌனம் எவ்வர்க்கத்தைக் காக்கின்றது என நாம் வினவுதல் வேண்டும்.