வரியை இப்பவே கட்டுறதா, அறுபதுல கட்டுறதா?

அமெரிக்காவுல பொட்டி தட்டுற நம்ம நண்பர்கள் "டிரெடிஷனலா, ராத்தா"ன்னு மண்டையைப் பிச்சுக்குவாங்க. ரெண்டுமே ஓய்வுக்கால சேமிப்புக் கணக்குகள். 1974 சட்டத்தில் வந்த முதல் வகையில் போடும்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு. செனட்டர் வில்லியம் ராத் பெயரில் 1997 சட்டத்தில் வந்தது நேர் எதிர்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 100 ரூபாய், 20% வரி, பணம் மூணு மடங்காகுதுன்னு வைங்க. முதல்லயே வரி கட்டினா 80 ரூபாய் 240 ஆகும். கடைசியில கட்டினா 300ல 60 போய் அதே 240! வரி விகிதம் மாறினாத்தான் வித்தியாசம்.

நம்ம ஊர்ல இந்தக் குழப்பமே ரொம்ப நாள் இல்லை. 1952ல் பி.எஃப். சட்டம் முதலில் ஆறு தொழில்களுக்கு வந்தது. அதில் ஜவுளியும் ஒன்று. அதனால் திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைக்காரர்களுக்கு பி.எஃப். பழகின விஷயம். நாலைந்து பேர் வேலை செய்யும் பூட்டுப் பட்டறை அந்தச் சட்டத்துக்குள் வராது. அப்படி வெளியே நின்றவர்களும் சேர 1968ல் பி.பி.எஃப். வந்தது. பதினைந்து வருஷப் பூட்டு (நம்ம ஊர் பூட்டு மாதிரி, லேசில் திறக்காது!). போடும்போது வரிச்சலுகை, வட்டிக்கு வரி இல்லை, எடுக்கும்போதும் இல்லை.

அரசாங்கத்துக்கு இது உறுத்திக்கிட்டே இருந்தது. கடைசியில் வரி போடும் முறைதான் சிறந்தது என்று 2005 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் பேசினார். 2009 நேரடி வரி வரைவில் அது வந்தது. எதிர்ப்பு கிளம்ப, 2010ல் பி.எஃப்., பி.பி.எஃப்.புக்குப் பழைய முறையே என்றார்கள். 2016 பட்ஜெட்டில் பி.எஃப். பணத்தில் 60 சதவீதத்துக்கு வரி என்றார் அருண் ஜெட்லி. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மார்ச் 8ல் வாபஸ்.

ஆனா மக்களே, சத்தமே இல்லாம வேற வழியில் நடந்துடுச்சு. 2020ல் வந்த புதிய வரி முறையில் பி.பி.எஃப்.புக்குக் கழிவு கிடையாது. 2023ல் அதுவே இயல்பு முறையாச்சு. அதாவது, வரி கட்டின காசைப் போடு, வரியில்லாம எடு. அச்சு அசல் ராத்! அதே முறையில் கம்பெனி நம்ம பேரில் என்.பி.எஸ்.ஸில் போடும் பணத்துக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை, 2024 பட்ஜெட் முதல் விலக்கு. ஆனால் பின்னால் வரும் பென்ஷனுக்கு வரி உண்டு.

ஆக, தேர்வு இப்ப நம்ம தலையில். சம்பளம் 12 லட்சத்துக்குள்ளன்னா 2025-26 முதல் புதிய முறையில் வரியே இல்லை. அவங்களுக்கு பி.பி.எஃப். லாபம், தள்ளிப்போட அங்க வரியே இல்லையே. நான் இருப்பது 20% படியில். அறுபதில் திண்டுக்கல்லில் சின்ன பென்ஷனோட இருந்தா என் வரி குறையும், தள்ளிப்போடுவதே லாபம். ஆனா முப்பது வருஷம் இதே சட்டம் இருக்கும்னு மேல சொன்ன வரலாறு சொல்லலையே! அதனால என் காசு ரெண்டு பக்கமும் பாதிப் பாதி.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை. உங்க சம்பளத்துக்கு நீங்களே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.