எபிரேய மறைநூலில் எண்களின் குறியீட்டுப் பொருள்: 'எழுபது ஆண்டுகளை' முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எபிரேய மறைநூல் யூதர்களின் திருநூல் தொகுதியாகும். தோரா, தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என்னும் மூன்று பகுதிகளை உடைய இத்தொகுதியைக் கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என வழங்குவர். இதன் நூல்கள் கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் பல நூற்றாண்டுகளாக உருவாகித் திரண்டவை. இவற்றைப் படிப்போர் சில எண்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். ஏழு நாள், பத்துக் கட்டளை, பன்னிரு கோத்திரம், நாற்பது ஆண்டு, எழுபது மூப்பர் என்பன அவற்றுட் சில.

இவ்வெண்களை விளக்குவோரிடையே இரு போக்குகள் காணப்படுகின்றன. எல்லா எண்களையும் நேர்க்கணக்காகக் கொள்வது ஒன்று. 'ஏழு என்றால் நிறைவு, நாற்பது என்றால் சோதனை' என ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருளைப் பட்டியலிடுவது மற்றொன்று. இவை ஒன்றற்கொன்று முரண்பட்டவைபோல் தோன்றினும், எண்ணின் பொருள் ஒருமுறை முடிவாகிவிட்டது எனக் கருதுவதில் ஒன்றுபடுகின்றன. நாம் இதற்கு மாறான ஒரு கருத்தை முன்வைக்கிறோம். எண்ணின் பொருள் அது சொல்லப்பட்ட சூழலில் பிறக்கிறது. பின்வந்தோர் அதனை மீண்டும் படிக்கும்போது மாறுகிறது. இதனை எழுபது என்னும் எண்ணைக் கொண்டு விரிவாக நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குமுன், எண்கள் எழுதப்பட்ட முறையையும் பிற முதன்மை எண்கள் சிலவற்றையும் சுருக்கமாக நோக்குவோம். தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான ஆதியாகமம், யாத்திராகமம் முதலிய நூற்பெயர்களையே ஈண்டுக் கையாளுகிறோம்.

எண்ணை எழுதிய முறை

எபிரேய மறைநூலின் பாடத்தில் எண்கள் குறிகளாக அன்றிச் சொற்களாகவே எழுதப்பட்டுள்ளன. எருசலேமின் நீர்ச்சுரங்கத்தில் கிடைத்த சீலோவாம் கல்வெட்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது என்பர். அதுவும் சுரங்கத்தின் 1,200 முழ நீளத்தைச் சொற்களாலேயே குறிக்கிறது. அரசாட்சிக் கணக்குகளில் நிலை வேறு. சமாரியாவிலும் ஆராதிலும் கண்டெடுக்கப்பட்ட, மையால் எழுதப்பட்ட ஓட்டுச் சில்லுகளில் எகிப்திய எண்குறிகள் இடம்பெறுகின்றன.

அலெப் 1, பேத் 2, யோத் 10, கோப் 100 என எழுத்துகளுக்கே எண்மதிப்பு வழங்கும் முறை இவற்றுக்குப் பிற்பட்டது. கிரேக்கத் தாக்கம் பரவிய காலத்தில் அது யூதரிடையே இடம்பெற்றது. கி.பி. 66 முதல் 70 வரை நிகழ்ந்த உரோமையருக்கு எதிரான கிளர்ச்சியின்போது அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்களில் ஆட்சியாண்டுகள் எழுத்துகளால் குறிக்கப்பட்டமை தெளிவான சான்றாகும். எனவே, மறைநூலின் தொன்மையான பகுதிகளில் சொற்களின் எழுத்துக் கூட்டுத்தொகையைத் தேடுவது, அக்காலத்தில் வழக்கில் இல்லாத ஒரு முறையை அதன்மீது ஏற்றுவதாகும்.

ஏழு: சொல்லும் ஆணையும்

மறைநூலில் மிகுந்த குறியீட்டு ஆற்றல் பெற்ற எண் ஏழு. படைப்பு ஏழாம் நாளில் நிறைவுறுகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தரப்பட வேண்டும். ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகளை அடுத்து யூபிலி ஆண்டு வரும் (லேவியராகமம் 25). எரிகோ நகர் வீழ்ந்த கதையில் ஏழு ஆசாரியர், ஏழு எக்காளம், ஏழு நாள், ஏழாம் நாளில் ஏழுமுறை வலம் வருதல் எனக் கதையின் அமைப்பே ஏழினால் ஆனது (யோசுவா 6).

இவ்வெண்ணின் ஆற்றலுக்கு மொழியும் ஒரு காரணமாகும். எபிரேயத்தில் 'ஷெவா' என்பது ஏழையும், அதே மெய்களை உடைய 'நிஷ்பா' என்பது ஆணையிடுதலையும் குறிக்கும். ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக் குட்டிகளைத் தனியே நிறுத்தி, ஒரு கிணற்றின் உரிமைக்காக உடன்படிக்கை செய்த இடம் பெயெர்செபா எனப் பெயர் பெற்றது (ஆதியாகமம் 21). அப்பெயரை 'ஏழின் கிணறு' எனவும் 'ஆணையின் கிணறு' எனவும் கொள்ளலாம். தமிழில் 'ஏழு', 'ஆணை' என்னும் சொற்களுக்கு ஒலியுறவு இல்லை. ஆதலின், தமிழ் மொழிபெயர்ப்பைப் படிப்போருக்கு ஆட்டுக்குட்டிகளின் எண்ணிக்கை ஒரு தற்செயலாகவே தோன்றும்.

ஏழின் சிறப்பு எபிரேயருக்கு மட்டும் உரியதன்று. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த உகரித்துக் களிமண் பலகைகளிலும், ஆறு நாள் ஒரு செயல் தொடர்ந்து ஏழாம் நாள் முடிவு நேரும் அமைப்பு பயின்று வருகிறது. மேலும், ஏழு எப்பொழுதும் நன்மையைக் குறிப்பதில்லை. எகிப்தின் பஞ்சமும் ஏழு ஆண்டு நீடித்தது. நீதிமொழிகள் 6 அருவருப்பானவற்றையும் ஏழாகவே எண்ணுகிறது. முழுச்சுற்று என்பதே அதன் பொருள். அச்சுற்றில் நிறைவது வளமா வறட்சியா என்பதைக் கதையே முடிவு செய்கிறது.

பத்து, பன்னிரண்டு, நாற்பது

பன்னிரு கோத்திரப் பட்டியல்கள் ஓர் அரிய உண்மையைக் காட்டுகின்றன. சில பட்டியல்களில் லேவியும் யோசேப்பும் உண்டு. வேறு சிலவற்றில் லேவி நீக்கப்பட்டு, யோசேப்புக்கு ஈடாக எப்பிராயீம், மனாசே என இருவர் இடம்பெறுவர். பெயர்கள் மாறினும் தொகை பன்னிரண்டாகவே நிற்கிறது. ஆயினும், தொன்மையானதாகப் பலராலும் கருதப்படும் தெபொராளின் பாட்டில் (நியாயாதிபதிகள் 5) பத்துக் குழுக்களே சுட்டப்படுகின்றன. ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் நோத் 1930இல், கிரேக்கக் கோயில் கூட்டமைப்புகளைப்போன்று பன்னிரு கோத்திரங்களின் கூட்டமைப்பொன்று இசுரவேலில் நிலவியது என்றார். பின்வந்த ஆய்வாளருட் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. பன்னிரண்டு என்பது எண்ணிக் கண்ட தொகை என்பதைவிட, ஒரு மக்கள்கூட்டம் தன்னை முழுமையாகக் கருதிப் பார்ப்பதற்கு அமைத்துக்கொண்ட சட்டகம் என்பதே பொருத்தமாகும்.

பத்துக் கட்டளைகளும் இத்தகையனவே. 'பத்து' என்னும் தொகையை மறைநூலே கூறுகிறது (யாத்திராகமம் 34). ஆனால் எவ்வெவ்வாறு பிரித்துப் பத்தாக்குவது என்பதில் யூதர், கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் ஆகியோரின் மரபுகள் வேறுபடுகின்றன.

நாற்பது ஒரு தலைமுறை மாறுவதற்கான காலம். கானானை வேவு பார்த்த நாற்பது நாளுக்கு ஈடாக, நாளுக்கு ஓராண்டு வீதம் மக்கள் நாற்பது ஆண்டு பாலைவனத்தில் அலைகின்றனர். எகிப்திலிருந்து வெளியேறிய தலைமுறை அங்கேயே மாய்கிறது (எண்ணாகமம் 14). எகிப்தினின்று வெளியேறியது முதல் சாலொமோன் ஆலயப்பணியைத் தொடங்கியது வரை 480 ஆண்டு என்னும் கணக்கும் (1 இராஜாக்கள் 6) பன்னிரண்டு நாற்பதுகளே ஆகும். ஈண்டு ஒரு சட்டகத்தின்மீது மற்றொரு சட்டகம் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

எழுபது ஆண்டுகள்: ஓர் எண்ணின் வரலாறு

எழுபதும் முழுமையைக் குறிக்கும் தொகையாகப் பல இடங்களில் வருகிறது. யாக்கோபுடன் எகிப்துக்குச் சென்ற குடும்பத்தார் எழுபதின்மர். மோசேயின் மூப்பர் எழுபதின்மர். தோராவின் கிரேக்க மொழிபெயர்ப்பைச் செய்தவர் எழுபத்திருவர் என அரிஸ்தேயாவின் மடல் கூறியபோதும், அம்மொழிபெயர்ப்பு எழுபதின்மர் பெயர்ப்பு என்றே நிலைபெற்றது. எனினும், இவ்வெண் ஒரு சமுதாயத்தின் வாழ்வையே தாங்கி நின்ற இடம் எரேமியாவின் நூலாகும்.

கி.மு. 597இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, யூதா அரசன் யோயாக்கீனையும் மேன்மக்களையும் கைவினைஞரையும் சிறைப்படுத்திக் கொண்டு சென்றான். எருசலேமில் எஞ்சியோரிடையே எழுந்த வினா, இந்நிலை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதே. அனனியா என்னும் தீர்க்கதரிசி இரண்டு ஆண்டுகளில் எல்லாம் மீளும் என்று அறிவித்து, எரேமியா கழுத்தில் அணிந்திருந்த மரநுகத்தை முறித்தார் (எரேமியா 28). எரேமியா கூறிய எண் எழுபது. பாபிலோனில் இருந்தோருக்கு அவர் எழுதிய மடல், வீடு கட்டுமாறும் தோட்டம் நடுமாறும், மணந்து பிள்ளை பெறுமாறும், வாழும் நகரின் நலத்தை நாடுமாறும் பணிக்கிறது (எரேமியா 29).

இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போதுதான் எழுபதின் பொருள் புலனாகிறது. இரண்டு ஆண்டு எனில் மூட்டையை அவிழ்க்க வேண்டுவதில்லை. எழுபது ஆண்டு எனில், மடலைக் கேட்ட வளர்ந்தோர் எவரும் திரும்பப் போவதில்லை. சங்கீதம் 90 மனித வாழ்நாளை எழுபது ஆண்டு என அளவிடுகிறது. ஏசாயா 23 தீரு நகர் மறக்கப்பட்டிருக்கும் காலத்தை எழுபது ஆண்டு எனக் கூறி, ஓர் அரசனின் நாள்களோடு ஒப்பிடுகிறது. ஆகவே, எரேமியாவின் எழுபது ஒரு முழு வாழ்நாள். அது தண்டனையின் நீளத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே குறித்தது. நீங்கள் மீளமாட்டீர்கள், உங்கள் வழிவந்தோர் மீள்வர் என்பதே அதன் உட்பொருள்.

பாபிலோன் நகரைப் பற்றியே இவ்வெண் முன்னர் வழங்கியிருந்தமை குறிப்பிடத்தக்கது. அசீரிய மன்னன் சனகெரிப் கி.மு. 689இல் அந்நகரை அழித்தான். அவன் மகன் எசரத்தோன் அதனை மீண்டும் எழுப்பியபோது, அதற்குரிய காரணத்தைக் கல்வெட்டில் பொறித்தான். மர்துக் தெய்வம் பாபிலோன் எழுபது ஆண்டு பாழாய்க் கிடக்க வேண்டும் என எழுதியதாகவும், பின்னர் இரங்கி அவ்வெண்ணைத் திருப்பிப் பதினோராம் ஆண்டிலேயே புதுப்பிக்கக் கட்டளையிட்டதாகவும் அது கூறுகிறது. ஆப்பெழுத்தில் நிமிர்ந்த ஆப்புக் குறி இடத்திற்கேற்ப 60 எனவோ 1 எனவோ நிற்கும். கோண ஆப்பு 10 ஆகும். 60, 10 என்னும் வரிசையில் எழுபதாக நின்றவை, இடம் மாறியவுடன் 10, 1 எனப் பதினொன்றாகின்றன. ஒரு தெய்வம் தன் நகர்மீது கொண்ட சினத்துக்குரிய காலமாக எழுபதைக் கொள்ளும் வழக்கு மேற்காசியாவில் எரேமியாவுக்கு முன்பே இருந்தது என்பதை இஃது உணர்த்துகிறது.

கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். நேர்க்கணக்காகக் கொண்டால், 597 முதல் 58 ஆண்டுகளே ஆகியிருந்தன. எருசலேம் ஆலயம் அழிந்த 587/586 முதல் ஐம்பது ஆண்டுகூட நிறையவில்லை. எண்ணைப் போற்றியோர் அதனைக் கைவிடவில்லை. தம் காலத்துக்கேற்பப் புதிதாகப் படித்தனர். தரியுவின் இரண்டாம் ஆண்டில் சகரியா எழுபது ஆண்டுச் சினத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆலயம் இன்னும் கட்டி முடிக்கப்படாத காலம் அது. கி.மு. 515இல் அது நிறைவுற்றபோது, அழிவு முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆயிற்று. 2 நாளாகமம் 36 வேறொரு பொருளைத் தருகிறது. மக்கள் ஏழாம் ஆண்டு ஓய்வை நிலத்துக்கு அளிக்கவில்லை. எழுபது ஆண்டும் பாழாய்க் கிடந்து நிலம் தன் ஓய்வைப் பெற்றுக்கொண்டது என்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில், செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கசு ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய காலத்தில் இறுதி வடிவம் பெற்றதாகப் பெரும்பாலான ஆய்வாளர் கருதும் தானியேல் நூல், எரேமியாவின் எழுபதை எழுபது வாரம், அதாவது 490 ஆண்டு என விரிக்கிறது (தானியேல் 9). ஒரே எண் வாழ்நாளாகவும், ஆலயம் இல்லாத காலமாகவும், நிலத்தின் ஓய்வாகவும், வரலாற்றின் இறுதிக்கான அளவாகவும் நானூறு ஆண்டுகளில் பொருள் மாறியது.

எழுத்தை எண்ணாக்குதல்

எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டிப் பொருள் காணும் கெமாத்ரியா முறை இதற்குப் பிற்பட்ட படிநிலையாகும். ஆபிரகாம் தன் உறவினன் லோத்தை மீட்க 318 ஆட்களுடன் சென்றதாக ஆதியாகமம் 14 கூறுகிறது. 'எலியேசர்' என்னும் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 318 வரும். ஆகவே ஆபிரகாமுடன் சென்றவர் அவருடைய ஊழியராகிய எலியேசர் ஒருவரே என்னும் விளக்கத்தைத் தால்மூது பதிவு செய்துள்ளது. பர்னபாவின் மடல் என்னும் தொடக்கக்காலக் கிறித்தவ நூல் அதே எண்ணைக் கிரேக்க எழுத்துகளில் படித்தது. அதில் 300ஐக் குறிக்கும் எழுத்து சிலுவை வடிவினது. 18ஐக் குறிக்கும் இரண்டும் இயேசுவின் கிரேக்கப் பெயரின் முதலெழுத்துகள். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் தொகையையும் மரபு 318 என்றே போற்றியது. பொருள் எண்ணிலேயே உறைந்திருந்தால், ஒரே எண் எலியேசரையும் சிலுவையையும் சுட்டியிராது.

இம்முறை நம் காலத்திலும் புதுவடிவம் பெற்றது. ஆதியாகமத்தில் சம இடைவெளிகளில் உள்ள எழுத்துகளைக் கோத்தால் பிற்கால அறிஞர்களின் பெயர்களும் நாள்களும் அருகருகே அமைகின்றன என்னும் கட்டுரை 1994இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளிவந்தது. 1997இல் மைக்கேல் டிராஸ்னினின் நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. அதே ஆய்விதழில் 1999இல் பிரெண்டன் மெக்கே முதலியோர் எழுதிய மறுப்பு, பெயர்களைத் தேர்ந்தெடுப்பதில் இருந்த நெகிழ்ச்சியே அத்தகைய முடிவைத் தரப் போதுமானது என நிறுவியது.

முடிவுரை

எபிரேய மறைநூலின் எண்கள் வெறும் கணக்கும் அல்ல. திறவுகோல் வேண்டி நிற்கும் மறைகுறிகளும் அல்ல. அவை ஒரு மக்கள் தம் காலத்தையும் தம்மையும் அளந்துகொண்ட சட்டகங்கள். இத்தகைய எண்ணொன்றைக் கற்பிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம் எனக் கருதுகிறோம். அது முதலில் எச்சூழலில் யாருக்குச் சொல்லப்பட்டது? அதற்கு மாற்றாக எந்த எண் முன்வைக்கப்பட்டது? பின்வந்தோர் அதனை எவ்வாறு மறுவாசிப்புச் செய்தனர்? எழுபது என்றால் நிறைவு என்று மட்டும் கற்ற மாணவன், அனனியாவின் இரண்டுக்கும் எரேமியாவின் எழுபதுக்கும் இடையே அன்று சிறைப்பட்டோர் எடுக்க வேண்டியிருந்த முடிவை அறியமாட்டான். வீடு கட்டுவதா, காத்திருப்பதா என்பதே அம்முடிவு. அதற்கு அளவுகோலாக நின்றதே அவ்வெண்ணின் முதற்பொருள் எனலாம்.