மெய்ஜி கால வெண்கல விலங்குச் சிற்பங்கள்

ஜப்பானில் மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) வார்க்கப்பட்ட விலங்கு, பறவை உருவங்கள் உலோகக் கலையின் சிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை, அறையில் அழகுக்காக வைக்கப்படும் ‘ஒகிமோனோ’ என்னும் வகையைச் சேர்ந்தவை.

தோற்றம்

எடோ காலத்திலேயே முராதா செய்மின் (1761–1837) ஆமை உருவங்களை வார்ப்பதில் பேர்பெற்றிருந்தார். எனினும் அக்காலத்து உலோகக் கலைஞர் பலர் சாமுராய்களின் வாள் அணிகளையும் பௌத்தக் கோயில் திருவுருவங்களையும் செய்தே வாழ்ந்தனர். 1868இல் அரசு ஷின்தோ வழிபாட்டைப் பௌத்தத்திலிருந்து பிரித்தபின் கோயில்கள் பல நலிந்தன. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. ஆதரவை இழந்த கலைஞர்களுக்கு வெளிநாட்டுச் சந்தை வாழ்வளித்தது. மெய்ஜி அரசு 1873இல் வியன்னா உலகக் கண்காட்சியில் பங்கேற்றது. அடுத்த ஆண்டு, கைவினைப் பொருள்களை ஏற்றுமதி செய்யக் கிரித்சு கோஷோ கைஷா என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது.

செய்முறை

நுண்ணிய உருவங்களுக்கு மெழுகு வார்ப்பு முறை ஏற்றதாயிருந்தது. மெழுகில் வடித்த உருவத்தின்மீது மண் பூசிச் சுடுவர். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். வார்த்தபின் இறகும் மயிரும் செதில்களும் உளியால் செப்பமிடப்படும். மேற்பரப்பின் நிறம் வண்ணப்பூச்சால் வருவதன்று. உலோகக் கலவையும் வேதிக் கரைசலும் சேர்ந்து அதைத் தருகின்றன. செம்பில் சிறிதளவு பொன் கலந்த ‘ஷாகுதோ’ நீலம் பாய்ந்த கருமையையும், வெள்ளி கலந்த ‘ஷிபுயிச்சி’ சாம்பல் நிறத்தையும் பெறும்.

உருவங்கள்

கொக்கும் ஆமையும் நீண்ட ஆயுளைக் குறிப்பன. பருந்து, குரங்கு, முயல், கெண்டை இனமான கோய் மீன் ஆகியனவும் மிகுதி. ஜப்பானின் காடுகளில் வாழாத புலியும் யானையும் ஏற்றுமதிக்காகப் பெருமளவில் வார்க்கப்பட்டன. இவற்றுள் பலவற்றில் கென்ரியூசாய் செய்யா என்னும் வார்ப்புக் கலைஞரின் முத்திரை காணப்படுகிறது.

சுசுகி சோக்கிச்சி

இக்கலையின் முதன்மையான கலைஞர் சுசுகி சோக்கிச்சி (1848–1919). 1878 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட இவரது மயில் உருவத் தூபக்கலம், இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. கலை வணிகர் ஹயாஷி தடமாசாவின் திட்டப்படி இவர் உருவாக்கிய ‘பன்னிரு பருந்துகள்’ 1893இல் சிகாகோ கண்காட்சியில் இடம்பெற்றது. தண்டில் அமர்ந்த ஒவ்வொரு பருந்தும் தனித்தனி நிலையில் அமைந்துள்ளது. பொன், வெள்ளி, ஷாகுதோ, ஷிபுயிச்சி ஆகியவற்றால் இறகின் நிறமும் கண்ணின் ஒளியும் வேறுபடுத்தப்பட்டுள்ளன. ஜப்பான் அரசு 2019இல் இத்தொகுதியை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.