சமஷ்டியா, இணைப்பாட்சியா? நீதிமன்றம் வரை சென்ற சொற்கள்

ஆங்கிலத்தில் ஓசையால் நெருங்கியும் பொருளால் விலகியும் நிற்கும் சொற்கள் பல உள்ளன. பரீட்சை எழுதும் மாணவர் அவற்றை மாற்றி எழுதினால் ஓரிரு புள்ளிகள் குறையும். அரசியலமைப்பு விவகாரத்தில் மாறிப்போனால் ஒரு கட்சியே தடைசெய்யப்படும் நிலைகூட ஏற்படலாம். பத்திரிகைப் பணியில் நீண்டகாலம் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியவன் என்ற முறையில், நம் நாட்டு அரசியலை ஆட்டிப்படைத்த இரு சோடிச் சொற்களின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதற் சோடி 'யுனிற்றரி', 'யுனைற்றட்' என்பன. இரண்டுக்கும் வேர் 'ஒன்று' எனப் பொருள்தரும் இலத்தீன் சொல்லே. ஆயினும் 'யுனிற்றரி' என்பது ஆட்சிமுறையைக் குறிப்பது. இறுதி அதிகாரம் மத்தியிலுள்ள ஒரே சட்டமன்றத்திடம் இருப்பதே அதன் பொருள். தமிழில் ஒற்றையாட்சி என்கிறோம். 'யுனைற்றட்' என்பது பிரிந்துபோகாமல் சேர்ந்திருக்கும் நிலையை மட்டுமே சொல்வது. அதாவது ஐக்கியம். அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஐக்கிய இராச்சியமும் பெயரளவில் 'யுனைற்றட்' என்பதையே தாங்கியுள்ளன. ஆனால் முன்னையது சமஷ்டி நாடு. பின்னையது ஒற்றையாட்சி நாடாகவே நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது. ஆகவே ஐக்கியமாக இருப்பதற்கு ஒற்றையாட்சி கட்டாயமன்று.

சிங்களத்திலும் இதே சிக்கல் உண்டு. ஐக்கியத்தைக் குறிக்கும் 'எக்சத்' என்ற சொல்லும் ஒற்றையாட்சியைக் குறிக்கும் 'ஏகீய' என்ற சொல்லும் செவிக்கு அண்மையானவை. ஒற்றையாட்சியை எதிர்ப்பவர் நாட்டின் ஐக்கியத்தையே எதிர்க்கிறார் என்று மேடைகளில் முழங்குவதற்கு இந்த ஒலி ஒற்றுமை பெரிதும் உதவியது.

1947ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பில் நாட்டை ஒற்றையாட்சி அரசு எனப் பிரகடனம் செய்யும் வாசகம் எதுவும் இருக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் முதலாவது குடியரசு அரசியலமைப்பே அதனைப் புகுத்தியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அவ்வாறே தொடர்ந்தது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சமஷ்டிக் கட்டமைப்பிலான தீர்வை ஆராய இணங்கியபோது, அங்கு இடம்பெற்றது 'யுனைற்றட்' இலங்கை என்ற சொல்லே. அவ்விடத்தில் 'ஒற்றையாட்சி' என மொழிபெயர்த்தால் அறிக்கையின் கருத்தே தலைகீழாகிவிடும்.

இரண்டாவது சோடி 'பெடறேசன்', 'கொன்பெடறேசன்' என்பன. உடன்படிக்கை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே இரண்டும் பிறந்தன. முன்னையது, அரசியலமைப்பின் வழி மத்தியும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒரே நாடு. பின்னையது, தத்தம் இறைமையை வைத்துக்கொண்டே சில பொதுக் கருமங்களுக்காக அரசுகள் கூடிக்கொள்ளும் அமைப்பு.

இதற்கு அமெரிக்காவின் வரலாறே நல்ல சான்று. பதின்மூன்று அரசுகளும் 1781ஆம் ஆண்டு முதல் 'கொன்பெடறேசன்' என்ற வகையிலேயே இணைந்திருந்தன. மத்திய சபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாமையால் அந்த ஏற்பாடு தடுமாறியது. 1787இல் பிலடெல்பியாவில் கூடி வரைந்த அரசியலமைப்பே அதனைச் சமஷ்டியாக்கியது. ஆயினும் நடைமுறை வழக்கு அகராதிக்குக் கட்டுப்படுவதில்லை. சுவிற்சர்லாந்து 1848 முதல் சமஷ்டி நாடாக இருந்தும் பிரெஞ்சு மொழியில் இன்றும் 'கொன்பெடறேசன்' என்ற பெயரையே கொண்டுள்ளது. கனடாவின் 1867ஆம் ஆண்டின் இணைவும் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. கனடாவோ சமஷ்டி நாடு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக்குச் சமஷ்டி உகந்தது என்று 1926இல் எழுதியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. டொனமூர் ஆணைக்குழுவிடம் அதனைக் கோரியவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். 1949 டிசம்பரில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தொடக்கிய கட்சி ஆங்கிலத்தில் 'பெடரல் பார்ட்டி' எனவும் தமிழில் 'தமிழரசுக் கட்சி' எனவும் பெயர்பெற்றது. 'அரசு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது தனிநாடு கோரும் கட்சியே என வாதிட்டோர் பலர்.

1983 ஆகஸ்ட்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாடு அமைப்பதை நோக்கமாகக் கொண்ட கட்சியைத் தடைசெய்ய அது வழிவகுத்தது. அதன்பின் இந்தச் சொற்சண்டை ஆபத்தான ஒன்றாயிற்று. 2014இல் தமிழரசுக் கட்சிக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மனுவொன்று தாக்கல் செய்யப்பட்டது. (தமிழக வாசகர்கள் கவனிக்க: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் அதியுச்ச நீதிமன்றம்.) கட்சியின் யாப்பில் 'சமஷ்டி' இருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்ற சொல் வந்துள்ளது, அது 'கொன்பெடறேசன்' என்பதையே குறிக்கும், எனவே கட்சியின் நோக்கம் தனிநாடே என்பது மனுதாரரின் வாதம். 'சமஷ்டி' வடமொழிச் சொல், 'இணைப்பாட்சி' அதற்கான தமிழ்ச் சொல், பொருள் ஒன்றே என்பது கட்சியின் பதில்.

2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அவ்விரு ஆங்கிலச் சொற்களுக்குமிடையே தெளிவான வேறுபாடு உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சமஷ்டி கோருவது தனிநாடு கோருவதாகாது எனத் தீர்த்தது. ஒற்றையாட்சி, சமஷ்டி என்று நாடுகளுக்கு முத்திரை குத்துவது சில வேளைகளில் தவறான எண்ணத்தைத் தரும் எனவும் அது சுட்டிக்காட்டியது. தமிழர் அரசியலில் சமஷ்டி என்ற சொல்லை அச்சமின்றி உச்சரிக்க இத்தீர்ப்பு இடமளித்தது.

அதே ஆண்டு செப்டெம்பரில் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை, 'யுனிற்றரி' என்ற ஆங்கிலச் சொல் இலங்கைக்குப் பொருத்தமற்றது என்று கூறியது. ஐக்கிய இராச்சியத்திலிருந்து ஸ்கொட்லாந்து பிரிந்துசெல்லவும் இடமுண்டாகிவிட்டதால் அச்சொல்லின் பொருள் மாறிவிட்டது என்பது அதன் விளக்கம். பதிலாகச் சிங்களத்தில் 'ஏகீய ராஜ்ய', தமிழில் 'ஒருமித்த நாடு' என எழுத முன்மொழியப்பட்டது. தெற்கில் சிலர் 'ஒருமித்த' என்பதில் சமஷ்டியைக் கண்டனர். வடக்கில் சிலர் 'ஏகீய' என்பதில் ஒற்றையாட்சியைக் கண்டனர். அம்முயற்சி நிறைவேறவில்லை.

சொற்களால் மட்டும் இனப்பிரச்சினை விளைந்தது என நான் கூறவில்லை. நிலமும் அதிகாரமும் பற்றிய பிணக்கு அது. ஆனால், என்ன கேட்கிறார்கள் என்பதையே அறியாது மறுப்பதும், என்ன தருகிறார்கள் என்பதையே அறியாது ஏற்பதும் இங்கு மாறிமாறி நடந்துள்ளன. அடுத்த வரைபு வெளிவரும் நாளில், மூன்று மொழிப் பிரதிகளையும் பக்கத்தில் வைத்து, ஆட்சி எங்கே, ஐக்கியம் எங்கே என்று நிதானமாகப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.