சிட்னி வேண்டாம், பெர்த் ஓகே! ஆஸ்திரேலிய பிஆருக்கு வழி காட்டும் 491 விசா - முழு விவரம்

ஆஸ்திரேலியாவில் பிஆர் எனப்படும் நிரந்தர வசிப்புரிமை கேட்கும் பலருக்கு பாயிண்ட்தான் தடை. குறைந்தபட்சம் 65 வேண்டும். போட்டியில் அது பெரும்பாலும் போதாது. அவர்களுக்கான மாற்று வழிதான், 2019 நவம்பரில் அறிமுகமான 491 விசா.

என்ன லாபம்?

மாநில அரசு பரிந்துரைத்தாலோ, ரீஜனல் பகுதியில் வசிக்கும் தகுதியுள்ள உறவினர் ஸ்பான்சர் செய்தாலோ 15 பாயிண்ட் கூடுதலாகக் கிடைக்கும். வயது 45-க்குள் இருக்க வேண்டும்.

ரீஜனல்னா கிராமமா?

இல்லை. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர கிட்டத்தட்ட மொத்த நாடும் இதில் வரும். பெர்த், அடிலெய்டு, தலைநகர் கான்பெராவும் உண்டு.

எதில் கவனம் தேவை?

491 கிடைச்சாலே பிஆர் கிடைச்ச மாதிரி இல்லை. இது 5 ஆண்டு தற்காலிக விசா மட்டுமே. அதில் 3 ஆண்டுகள் ரீஜனல் பகுதியிலேயே வாழ்ந்து, வேலை பார்த்து, 3 நிதியாண்டுகளின் வருமான வரி மதிப்பீட்டு நோட்டீஸ்களுடன் 191 விசாவுக்கு விண்ணப்பித்தால்தான் பிஆர். நடுவில் நல்ல சம்பளம் வருதேன்னு சிட்னிக்கு மாறினால் விசாவே ரத்தாகலாம்.

ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன், உங்கள் தொழில் அந்த மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.