பொதுக் கழிப்பறை: ஒரு கதவா, இரண்டு கதவா?

இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 அன்று ஒரு புதிய கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. வீடுகள் அல்லாத புதிய கட்டடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கழிப்பறைகள் இருக்க வேண்டும் என்கிறது அது. இடம் இருந்தால் இவற்றுடன் எவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் கட்டலாம். இடம் போதாத கட்டடங்களில் மட்டும், தனித்தனி என்பதை விட்டு, எல்லோருக்குமான தனி அறைகளே போதும்.

பார்ப்பதற்குச் சிறிய விதிதான். ஆனால் அதன் பின்னால் பல ஆண்டுச் சண்டை இருக்கிறது. ஆண், பெண் என்று பிரிப்பதே பழமை என்பார் ஒரு சாரார். பிரிப்பதுதான் பெண்களுக்குப் பாதுகாப்பு என்பார் மறுசாரார். லண்டனில் வசிக்கும் நான் இரு தரப்பையும் படித்தும் கேட்டும் வருகிறேன். யூனிசெக்ஸ் எனப்படும் இருபாலர் கழிப்பறை என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறுவேறு பொருள்களைக் குறிப்பதுதான் இந்த விவாதத்தின் பெருங்குழப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்கக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

பெண்களுக்குக் கதவு கிடைத்த கதை

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், பளிங்கு மாளிகையில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கட்டணக் கழிப்பறைகளை அமைத்தார். 8,27,280 பேர் காசு கொடுத்துப் பயன்படுத்தியதாகக் கணக்கு. கட்டணம் ஒரு பென்னி. கழிப்பறைக்குப் போவதை 'ஒரு பென்னி செலவழிப்பது' என்று ஆங்கிலேயர் இடக்கரடக்கலாகச் சொல்வது இத்தகைய கட்டணத்தை வைத்துத்தான்.

அதன்பிறகு நகரத் தெருக்களில் எழுந்த கழிப்பறைகளில் பெரும்பாலானவை ஆண்களுக்கே. வெளியே வரும் பெண் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும், அல்லது வெளியே வரவே கூடாது. 1900ஐ ஒட்டி லண்டனின் காம்டன் டவுனில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டலாம் என்ற யோசனை எழுந்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த இடம் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகுமா என்று பார்க்க மரத்தால் ஒரு மாதிரிக் கூண்டைத் தெருவில் நிறுத்தினார்கள். குதிரை வண்டிக்காரர்கள் அதன்மேல் வேண்டுமென்றே மோதிவிட்டுப் போனார்கள்! அன்று அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்து பெண்களுக்காக வாதாடியவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை, பெண்கள் மட்டும் ஒரு பென்னி கொடுக்க வேண்டும், ஏழைப் பெண்ணுக்கு அது பெருந்தொகை என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். 1909இல் பெண்கள் வாக்குரிமைக்கு ஆதரவாக எழுதிய கட்டுரையிலும் இந்த அனுபவத்தையே சான்றாக்கினார்.

ஆகவே, 'பெண்கள்' என்று எழுதிய பலகை ஒதுக்கிவைத்ததன் அடையாளம் மட்டுமல்ல; கேட்டு, போராடிப் பெற்ற ஒன்று. இன்றைக்கு அதை எடுக்கலாம் என்றால் பல பெண்கள் பதறுவதற்கு இந்த வரலாறும் காரணம்.

சட்டம் எதற்காகப் பிரித்தது?

அமெரிக்காவில் தொழிற்சாலைகளில் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று முதலில் சட்டம் இயற்றியது மாசசூசெட்ஸ் மாநிலம், 1887இல். 1920க்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியே சென்றன. பெண்ணின் இடம் வீடு, வெளியே வந்தால் அவள் பலவீனமானவள் என்ற விக்டோரியக் காலத்து எண்ணமே இச்சட்டங்களின் வேர் என்கிறார் சட்டப் பேராசிரியர் டெர்ரி கோகன். இதை மறுப்பவர் மற்றொரு சட்டப் பேராசிரியர் பர்லெட் கார்ட்டர். பிரித்து வைக்கும் வழக்கம் அச்சட்டங்களுக்கு முந்தையது, பெண் தொழிலாளர்கள் சந்தித்த பாலியல் தொல்லையைத் தடுக்கும் தேவையும் அதில் இருந்தது என்பது அவர் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வரிசையின் கணக்கு

பிரிவினை நியாயமாக இருந்தாலும் பங்கீடு நியாயமாக இல்லை. கட்டடக் கலைஞர்கள் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே அளவு பரப்பை ஒதுக்குகிறார்கள். சுவரில் பொருத்தும் சிறுநீர்க் கலங்களுக்குக் குறைந்த இடம் போதும் என்பதால் அதே பரப்பில் ஆண்கள் பக்கம் கூடுதலானவர்கள் நிற்க முடிகிறது. பெண்களுக்கோ உடை, மாதவிலக்கு, கர்ப்பம், இடுப்பில் குழந்தை என்று அதிக நேரம் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் நாம் எல்லா இடத்திலும் பார்க்கும் அந்த வரிசை.

பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கூட்டம் மிகுந்த நேரத்தில், வழக்கமான தனித்தனி அமைப்பில் பெண்கள் சராசரியாக 6 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க, ஆண்கள் காத்திருப்பது சில விநாடிகள். சிறுநீர்க் கலங்களையும் அறைகளையும் கலந்து இருபாலருக்கும் பொதுவாக்கினால் பெண்கள் காத்திருப்பு ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. ஆண்களுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 2005இல் அது இயற்றிய சட்டப்படி புதிய அரங்குகள், மதுக்கூடங்கள் போன்றவற்றில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு.

சுவரும் தாழ்ப்பாளும்

இப்போது நான் சொன்ன அந்தக் குழப்பத்துக்கு வருகிறேன். இருபாலர் கழிப்பறை இரண்டு வகை. ஒன்று, தரையிலிருந்து கூரைவரை சுவர், உள்ளே தாழ்ப்பாள், அங்கேயே கைகழுவும் தொட்டி என்று தன்னளவில் முழுமையான ஓர் அறை. விமானத்திலும் ரயிலிலும் நம் வீட்டிலும் இருப்பது இதுதான். பிரிட்டனில் ஊனமுற்றோருக்கான கழிப்பறைகள் பல பத்தாண்டுகளாக இருபாலருக்கும் பொதுவானவை. மனைவிக்குக் கணவரோ, தந்தைக்கு மகளோ உதவ உள்ளே வர வேண்டியிருக்கும் அல்லவா? அவற்றைத் திறக்க ஒரே சாவி என்ற திட்டம் 1981 முதல் உள்ளது. இதை யாரும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. 1992ஆம் ஆண்டின் பணியிட விதிகளும் இதையே சொல்கின்றன: உள்ளிருந்து பூட்டக்கூடிய தனி அறையாக இருந்தால் ஆண், பெண் என்று பிரிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, பலகையை மட்டும் மாற்றுவது. நான் அடிக்கடி போகும் ஒரு நாடக அரங்கில் இப்படித்தான் செய்தார்கள். கீழே இடைவெளி விட்ட பழைய தடுப்புகள் அப்படியே இருந்தன. விளைவு என்ன? ஆண்கள் இரு பக்கமும் போனார்கள். சிறுநீர்க் கலங்கள் இருந்த பக்கம் பெண்கள் போகவில்லை. அவர்கள் வரிசை இன்னும் நீண்டது. தோக்கியோவில் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட கபுகிச்சோ கோபுரத்தில் இருந்த இருபாலர் கழிப்பறை, புகார்களுக்குப்பின் ஆகஸ்டிலேயே தனித்தனியாக மாற்றப்பட்டது.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. திருநர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து சட்டப் பாதுகாப்புத் தொடரும் என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. ஆனால் எந்தக் கதவைத் திறப்பது என்ற அவர்களது அன்றாடச் சங்கடம் தீர்ப்பால் தீரவில்லை. பூட்டக்கூடிய முழு அறை ஒன்று இருந்தால், யாரும் யாரையும் விசாரிக்க வேண்டிய தேவை இராது.

எண்ணிக்கை

இத்தனை வாதத்துக்கும் நடுவே பொதுக் கழிப்பறைகள் மூடப்பட்டுக்கொண்டே வருகின்றன. 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், கழிப்பறை கட்ட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்ததே தவிரக் கடமையாக்கவில்லை. பணம் குறைந்தால் முதலில் பூட்டுவது அதைத்தான். பொதுச் சுகாதாரத்துக்கான அரச சங்கம் 2019இல் நடத்திய கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர், வெளியே போகும்போது கழிப்பறை கிடைக்காது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதாகச் சொன்னார்கள். ஊரிலிருந்து வரும் நம் பெற்றோர் கடைத்தெருவுக்குப் புறப்படுமுன் தேநீரை மறுப்பதும் இதனால்தான்.

எனவே என் நிலைப்பாடு இது: பெண்களுக்கான கதவு இருக்கட்டும், அதன் பின்னால் எண்ணிக்கை கூடட்டும். அதன் அருகே, சுவர் முழுமையான தனி அறைகளும் இருக்கட்டும். இரண்டுக்கும் காசு வேண்டும். பலகை மாற்றுவது மலிவு, சுவர் கட்டுவது செலவு. நம் பகுதியில் ஒரு நூலகமோ சமூகக் கூடமோ புதுப்பிக்கப்படும்போது, கதவின்மேல் என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்பதோடு எத்தனை அறைகள், சுவர் எதுவரை என்றும் நாம் கேட்க வேண்டும்.